பதிமூணும் பதினாலும்

"பதிமூணும் பதினாலும் எத்தனை தம்பி?" என்று சந்தனமாரி மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

"இருபத்தேழு" என்றான் ஜெபசிங், அவனும் மூன்றாவது தடவையாக.

"அப்ப எனக்கு இருபத்தேழு வரணுமா, வேண்டாமா?"

"வராதுக்கா."

"ஏன் வராது? ஒனக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டல் சொல்லிக் குடுக்கலையா?"

"கூட்டல் சொல்லிக் குடுத்தாங்க. கண்பெட்டி சொல்லிக் குடுக்கல. அதை நானா ஒடைச்சுப் பாத்துப் படிச்சது. அதனாலதான் சொல்லுதேன், ஒரு பெட்டியில ரெண்டு கார்டு போடாதீங்க. வீண் சூடு, வீண் பாரம்."

ஐஸ் கம்பெனிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இடுங்கிக் கிடந்தது ஜெபசிங்கின் பழுது பார்க்கும் கடை. மேசையில் சந்தனமாரியின் கண்பெட்டி வயிறு திறந்து கிடந்தது. பெட்டி கழன்றுவிட்டால் அவளுக்கு உலகம் வெறும் சத்தம்தான். அதனால் ஜெபசிங்கை விட்டுவிட்டு மின்விசிறியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள். "இங்கன இருக்கேன்க்கா" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தவன், அலுத்துப்போய், தானே விசிறிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

உப்பளத்தில் இருபது வருஷம் உழைத்தவர்களின் கண்ணை உப்பு வாங்கிக்கொள்ளும். மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்குப் பாத்தி ஒரு சூரியன். கண் என்ன கருங்கல்லா? சந்தனமாரியோடு சேர்த்து நாற்பது பேருக்கு அப்படிப் போயிற்று. போன கண்ணுக்குப் பதிலாக உப்பளக் கம்பெனி நாலு வருஷத்துக்கு முன் கண்பெட்டி கொடுத்தது. மூக்கில் ஒரு கண்ணாடி, அதில் கடுகு போல இரண்டு கேமரா. காதுக்குப் பின்னால் ஒரு வயர். இடுப்பில் ஒரு பெட்டி, அதற்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு. கேமரா பார்த்ததைக் கார்டு படமாக வரைந்து நரம்புக்கு அனுப்பும். நரம்பு அதைப் பார்வை என்று நம்பிக்கொள்ளும். ஒரு காலத்தில் இந்தக் கார்டுகளை வைத்துக்கொண்டு பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆடினார்களாம். இப்போது அவை உப்பு வாருகிற பெண்களின் இடுப்பில் வெந்துகொண்டிருந்தன.

சந்தனமாரியின் கார்டு பழசு. நொடிக்குப் பதின்மூன்று படம்தான் வரையும். பதின்மூன்று படத்தில் உலகம் நொண்டியடிக்கும். புருஷன் ராசகனி பேசி முடித்த பிறகுதான் அவன் வாய் அசையும். காப்பி டம்ளர் வழிந்து கை சுட்ட பிறகுதான் நிரம்பியது தெரியும். அதையும் வைத்து நாலு வருஷம் ஓட்டியாயிற்று. இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. பதினெட்டுப் படத்துக்குக் குறைந்த பெட்டியோடு யாரும் பாத்தியில் இறங்கக் கூடாது. வியாழக்கிழமை சோதனை. தோற்றால் வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்குப் பெட்டி எதற்கு? அது கம்பெனிச் சொத்து, கழற்றி வாங்கிவிடுவார்கள். அதாவது வெள்ளிக்கிழமை காலையில் அவள் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், சாகிற வரைக்கும்.

"புது கார்டு ஒண்ணு போட்டா முப்பது வரும்" என்றான் ஜெபசிங்.

"குடு."

"கம்பெனி தந்தாத்தான் உண்டு. வெளியில கிடைக்காது."

"பெறகு என்னத்துக்குச் சொல்லுத? பசிக்குதுன்னு வந்தவகிட்ட பிரியாணி நல்லா இருக்கும்னு சொல்லுத மாதிரி."

அவள் கொண்டுவந்திருந்த இரண்டாவது கார்டை அவன் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பது அவளுக்குச் சத்தத்தில் தெரிந்தது. பிரஷ்ஷால் உப்பைத் தட்டினான். "நல்ல கார்டு. உப்புத் தண்ணியில விழுந்து பாதி செத்துப் போச்சு, அதான் கம்பெனி திருப்பி வாங்காம விட்டுட்டான். முந்தி முப்பது அடிச்சது, இப்ப பதினாலுதான் அடிக்குது. லூர்தம்மாக்கா கார்டுல்லா இது?"

"ஆமா."

"ரெஜினா கொண்டாந்து குடுத்தாளா?"

"ஆமாங்கேன்லா. அவ அம்மா குடுத்து விட்டாளாம். சும்மா குடுக்கல, சட்டம் போட்டுக் குடுத்திருக்கா. இதை ஒத்தையா மாட்டக் கூடாதாம். என் பழைய கார்டுகூட ஜோடியாத்தான் மாட்டணுமாம். கட்டில்ல கிடந்துக்கிட்டும் எனக்குக் கங்காணி வேலை பாக்கா."

ஜெபசிங் பெருமூச்சு விட்டான். அப்புறம் பொறுமையாகச் சொன்னான். ஒத்தைப்படைப் படமெல்லாம் ஒரு கார்டு வரையும். ரெட்டைப்படைப் படமெல்லாம் இன்னொரு கார்டு வரையும். ஆனால் வரிசை தப்பக் கூடாது. ஒன்று முடிக்காவிட்டால் மற்றது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். அதுபோக, இந்தப் படம் உனக்கு, அந்தப் படம் எனக்கு என்று பங்கு வைக்கவே பெட்டிக்குப் பாதி நேரம் போய்விடும். "கேம் ஆடுத பயலுவ அந்தக் காலத்துலயே ரெண்டு ரெண்டா மாட்டிப் பாத்துட்டு, கரண்டுக்கும் சூட்டுக்கும் அழுதுட்டு விட்டுட்டானுவ. இருபத்தேழுன்னு ஆசைப்படாதீங்க. பத்தொம்பது வந்தா எங்க மாதாவுக்கு மெழுகுவத்தி."

"எனக்குப் பதினெட்டு போதும். மாட்டு."

இதில் அவளுக்கு விளங்காதது ஒன்றுமில்லை. உப்பளத்தில் எல்லாமே ஜோடி வேலைதான். ஒருத்தி உப்புப் பொருக்கை உடைத்துக்கொண்டே போவாள், ஒருத்தி பின்னாலேயே பலகையால் வாரி வரப்பில் ஏற்றுவாள். உடைக்கிறவள் ஓடினாலும் வாருகிறவள் நடந்தால் அன்றைக்கு வேலை நடைதான். ஜோடிக்கென்று ஒரு முறையும் உண்டு. தண்ணீர் மாற்ற வரப்பை வெட்டினால், வெட்டியவள் ஜோடியின் பேரைச் சொல்லி "வெட்டுப் பாரு!" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவள் "கேட்டாச்சு!" என்று திருப்பிக் குரல் கொடுக்கிற வரைக்கும் வெட்டிய இடத்தைவிட்டு அவள் நகரக் கூடாது. கண் நன்றாக இருந்த காலத்திலேயே ஏற்பட்ட முறை அது. உப்பு வெள்ளையில் வரப்பும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

சந்தனமாரிக்குப் பத்தொன்பது வருஷம் ஜோடி லூர்தம்மாள்தான். ஏழு மாசத்துக்கு முன்னால், நடுப்பகலில், தலையில் உப்புக் கூடையோடு நாலாம் பாத்தி வரப்பில் வந்தவள், அன்று காலையில் வெட்டியிருந்த இடத்தில் கால் வைத்து விழுந்தாள். ஒரு முழ அகலம்தான். இடுப்பு ஒடிய ஒரு முழம் போதும். "அங்க வரப்பு இருந்திச்சு, என் கண்ணால பாத்தேன்" என்று ஆஸ்பத்திரியில் கத்தினாளாம். யாரும் நம்பவில்லை. விழுந்தவள் வேறென்ன சொல்லுவாள்? கம்பெனி ஒரு தாளில் "கவனக்குறைவு" என்று எழுதி மூடிவிட்டது. பெற்ற மகள் ரெஜினாவே, "அம்மா அப்படித்தான் சொல்லிக்கிட்டுக் கெடக்கா" என்பாள்.

சந்தனமாரி ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

---

பத்தொன்பது வந்தது. பெட்டி சோற்றுப்பானை போலச் சுட்டது. ஈரச் சாக்கைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"ஒன் இடுப்புல இருந்து தண்ணி ஒழுகுது" என்றான் ராசகனி. அவன் வாய் கிட்டத்தட்டச் சொல்லோடு சேர்ந்தே அசைந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவன் இவ்வளவு பொருத்தமாகப் பேசியது கிடையாது.

"ஒழுகட்டும்."

"தரையெல்லாம் நனையுது."

"நனையட்டும்ங்கேன்."

"பக்கத்து வீட்டுக்காரி கேப்பா..."

"நீரு பக்கத்து வீட்டுலயே போய் இரியும்!"

சொல்லிவிட்டு விருட்டென்று வெளியே போகத் திரும்பினாள். வாசலில் வெயில் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு கல்படி. ஒரு சாண் உயரம், ஓரம் உடைந்த படி. காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். கால் காற்றை மிதித்துத் தொப்பென்று தரையில் இறங்கியது. விழப்போனவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். குனிந்து பார்த்தாள். படி இருந்தது. இல்லை. இருந்தது. இல்லை. கண்ணுக்குள் யாரோ கதவை ஆட்டுகிற மாதிரி.

அவள் வீட்டு வாசலில் என்றைக்கும் படி இருந்ததில்லை.

அந்தச் சூட்டோடு ராசகனியின் ஸ்கூட்டரில் மறுபடியும் ஜெபசிங் கடை.

"பெட்டி எனக்குப் பேய்ப் படி காட்டுது. என்னத்த மாட்டி வச்ச?"

ஜெபசிங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து கை கழுவினான். அவன் சோற்றைப் பாதியில் விட்டதை முதல் முறையாகச் சரியான நேரத்தில் பார்த்தாள். கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனாலும் கோபத்தை விடவில்லை.

"கோளாறு இல்லக்கா. ரொம்ப வெளிச்சம் அடிச்சா கேமராவுக்கும் கண்ணு கூசும். அப்ப அது வெறும் வெள்ளைத் தாளைத்தான் அனுப்பும். கார்டு என்ன செய்யும் பாவம்? அதுக்குப் படம் வரைஞ்சாகணும். முன்னால இந்த மாதிரி எடத்துல என்ன பாத்து வச்சிருக்கோ, அதைத் தானா வரைஞ்சு ஒப்பேத்திரும். லூர்தம்மாக்கா அந்தக் கார்டை மாட்டிக்கிட்டு அவுங்க புது வீட்டு வாசல்லதான் ஏறி எறங்கியிருக்காவ. அந்த வாசல்ல படி இருக்கு. அதனால வாசல்னா அந்தக் கார்டுக்குப் படிதான்."

"இல்லாததை இருக்குன்னு வரையுமா?"

"பழகினதை வரையும். நீங்க வீட்டுக்குள்ள கண்ணை மூடிட்டு நடக்கலையா, அது மாதிரி."

"என் கார்டும் இப்படித்தானா?"

"எல்லாக் கார்டும் அப்படித்தான். ஒத்தையா இருக்கும்போது தெரியாது. அது வரையுததுதானே உங்களுக்கு உலகம்? இப்ப ரெண்டு பேரு வரையுதாங்க. ரெண்டு பேருக்கும் பழக்கம் வேற. அதான் ஆடுது."

சந்தனமாரி இடுப்பில் சுட்டுக்கொண்டிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "காலையில புதுசா ஒண்ணு மாறியிருந்தா? அன்னைக்கே?"

"நேரா வெளிச்சம் இல்லாம நாலஞ்சு தடவை பாத்தாத்தான் நம்பும். ஆனா நாமே கிட்ட நின்னு கையால செஞ்ச வேலைன்னா ஒடனே பதிஞ்சிரும்."

"இதைக் கம்பெனிக்காரன் எங்ககிட்ட சொல்லவே இல்லையே."

"அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கான்க்கா. சின்ன எழுத்துல."

"நாப்பது குருடிக்கு" என்றாள் சந்தனமாரி. "சின்ன எழுத்துல."

ஜெபசிங் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

---

மறுநாள் வியாழக்கிழமை, பதினொரு மணிக்குச் சோதனை. சொன்னபடி காலை எட்டு மணிக்கு வைத்திருந்தால் பெட்டி குளிர்ந்து இருந்திருக்கும், வெளிச்சமும் பல்லைக் காட்டியிருக்காது. ஆனால் சோதனை ஆபீசருக்குத் தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய வண்டி பஞ்சர். கங்காணி சிவஞானம் அரை மணிக்கொரு தரம் "இந்தா வந்துருவாவ" என்றார். பெண்களெல்லாம் வெயிலில் பெட்டிக்கு ஈரத்துணி மாற்றிக்கொண்டு நின்றார்கள், ஆஸ்பத்திரியில் காய்ச்சல் பிள்ளைக்கு மாற்றுகிற மாதிரி.

வந்தது ஒரு சின்னப்பெண். கையில் ஒரு தட்டைக் கணினி. அதில் ஒவ்வொருத்தியின் பெட்டியும் நொடிக்கு எத்தனை படம் போடுகிறது என்று தெரியுமாம். ஒவ்வொருத்தியும் தலையில் உப்புக் கூடையோடு ஒன்றாம் பாத்தியிலிருந்து ஆறாம் பாத்தி வரைக்கும் வரப்பில் நடக்க வேண்டும். பதினெட்டுக்குக் கீழே இறங்காமல் போய்ச் சேர்ந்தால் தேர்ச்சி.

சந்தனமாரியின் முறை வந்தது. சும்மாட்டின்மேல் கூடையை ஏற்றிவிட்ட சரோசா காதோரமாய்ச் சொன்னாள். "வேகமாப் போயிரு மைனி. நின்னா சூடு ஏறும்."

"பத்தொன்பது" என்றாள் ஆபீசர் பின்னாலேயே நடந்துகொண்டு. "போங்கம்மா."

ஒன்றாம் பாத்தி. இரண்டாம் பாத்தி. உலகம் இரண்டு கையால் வரையப்பட்டு வந்துகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் தெரிந்தது. ஒரு படத்தில், உப்பைக் கொட்டி வைக்கிற தட்டுமேட்டில் குவியல் கொஞ்சம் உயரம், அடுத்ததில் கொஞ்சம் குட்டை. ஒன்றில் ஓரமாய்ச் சாய்ந்து கிடக்கும் பலகை, அடுத்ததில் இல்லை. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே உப்பைப் பார்த்த இரண்டு பேர், இப்போது ஒரே தலைக்குள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பதினெட்டு. சரிதான், போங்க."

நாலாம் பாத்தி. சூரியன் வரப்பின்மேல் நேராக விழுந்தது. எல்லாம் வெள்ளை.

வரப்பு இருந்தது.

வரப்பு வெட்டியிருந்தது.

இருந்தது. வெட்டியிருந்தது. முழு வரப்பு, மண் இறுகி, நடந்து நடந்து வழவழப்பான வரப்பு. அடுத்த படத்தில் அதே இடத்தில் ஒரு முழப் பள்ளம், அடியில் ஓடுகிற தண்ணீர். வெட்டு தெரிந்தது அவளுடைய கார்டில். அவளே நின்று வெட்டியது அல்லவா, பதிந்திருந்தது. வரப்பு தெரிந்தது லூர்தம்மாளுடைய கார்டில். அந்தக் கார்டுக்குப் பதிய நேரம் கிடைக்கவில்லை. காலையில் வெட்டு, மத்தியானம் விழுந்தாள்.

லூர்தம்மாள் சொன்னது பொய் இல்லை. வரப்பு இருந்திச்சு. அவள் கண்ணால் பார்த்தாள்.

சந்தனமாரி வெட்டின ஓரத்தில் நின்றாள்.

ஏழு மாசமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதில் ஒன்று உண்டு. "குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன், முப்பது படம் காட்டுத புது கார்டு வச்சிருக்கவளுக்கு அது தெரியாதா?" இந்தக் கணத்தில் அந்தப் பதில் உப்புப் போலக் கரைந்துபோனது. லூர்தம்மாளின் படத்தில் குச்சியும் இல்லை, துணியும் இல்லை. வெறும் வரப்பு.

லூர்தம்மாள் விழுந்த அன்றைக்குக் காலையில் சிவஞானம் வெட்டச் சொன்னார். வெட்டினாள். வெட்டி முடித்து நிமிர்ந்து, வழக்கம் போலக் குரல் கொடுக்க வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் சொல்லவே நாக்கூசும் காரணம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஜோடிக்கு ஒரு புது கார்டு என்று கம்பெனி கொடுத்தது. கூடைக்குள் சீட்டுப் போட்டு எடுத்ததில் லூர்தம்மாளுக்கு விழுந்தது. "விடுடி, என் கண்ணு ஒனக்கும்தானே" என்றாள் அவள். அந்த ஒரு வார்த்தை இவளுக்குச் சுட்டுவிட்டது. அதற்கப்புறம் வந்த லூர்தம்மாளின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போகவில்லை. ஆறு வாரம் ஒரே பாத்தியில் பேசாமல் வேலை. ஒருத்தி உடைக்க, ஒருத்தி வார, நடுவில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை. நான் எதுக்குக் கத்தணும், அவதான் எல்லாத்தையும் பாக்காளே.

"என்னம்மா நின்னுட்டீங்க?" என்றாள் ஆபீசர். "பதினெட்டுலதான் இருக்கு. நடங்க."

தாண்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஏழு மாசமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை தாண்டுகிற வெட்டு. கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். இரண்டு பாத்திதான் மிச்சம்.

சிவஞானம் பக்கத்து வரப்பிலிருந்து கையை ஆட்டினார். "தாண்டு, தாண்டு."

சந்தனமாரி தாண்டவில்லை. கழுத்தை நிமிர்த்தி, தலைக்கூடை அசையாமல், உப்பளம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்.

"லூர்தம்மா! வெட்டுப் பாரு!"

தட்டுமேட்டில் நின்ற பெண்களின் பேச்சு நின்றது. யாரும் பதில் குரல் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டியவள் அங்கே இல்லை.

"யாரைக் கூப்பிடுறீங்க?" என்றாள் ஆபீசர்.

"மேடம், இந்த எடத்துல வரப்பு இருக்கா, இல்லையா?"

"வெட்டியிருக்கு."

"எனக்கு இருக்கு. பெறகு இல்ல. பெறகு இருக்கு. விழுந்தாளே லூர்தம்மா, அவ கார்டு இதுக்குள்ள இருக்கு. அவளுக்கு வரப்பு முழுசா இருந்திருக்கு. வெளிச்சம் அடிச்சா உங்க பெட்டி பழசை வரையுது. எங்க தலைக்குள்ள இல்லாத தரையை வரையுது."

"பதினேழு" என்று ஆபீசர் தன்னையறியாமல் சொன்னாள். பிறகு, "என்ன சொன்னீங்க?"

சிவஞானம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "மேடம், அவுங்களுக்கு வெயில் ஏறிட்டு. ஏம்மா, ஒழுங்காத் தாண்டிட்டுப் போ. ஒன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"நீருதான வே வெட்டச் சொன்னீரு? வெட்டச் சொன்னவரு ஆஸ்பத்திரியில வந்து என்ன எழுதிக் குடுத்தீரு? கவனக்குறைவு! நானும் பேசாம இருந்தேன்லா. நீரு எழுதினீரு, நான் வாயை மூடினேன். நாமளும் நல்ல ஜோடிதான்."

ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். களைத்த முகம். காலையில் பஞ்சர், இப்போது இது. "அம்மா, நீங்க சொல்றதை நான் எழுதினா, நடுப்பகல்ல இந்தப் பெட்டியோட யாரும் வேலை செய்யக் கூடாதுன்னு நிறுத்தணும். உங்க பெட்டியைப் பரிசோதனைக்கு எடுத்துட்டுப் போகணும். எப்ப திரும்ப வரும்னு எனக்குத் தெரியாது. வராமலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

தட்டுமேட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏட்டி, ஒனக்குக் கோட்டியா பிடிச்சிருக்கு? எங்க பொழப்புல மண்ணைப் போடாத!" இன்னொருத்தி காதால் கேட்க முடியாத ஒன்றைச் சொன்னாள். சரோசா மட்டும் தன் காலுக்குக் கீழே இருந்த தரையைப் பாதத்தால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சந்தனமாரி கூடையை இறக்கி வரப்பில் வைத்தாள். கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள். வெள்ளை, வெள்ளைக்கு அப்பால் நீலக்கோடாய்க் கடல், கோபத்தில் சிவந்த முகங்கள். பதினாறு படத்துக்கு அது போதும்.

"எழுதுங்க. அந்தப் பழைய தாளையும் மாத்தி எழுதுங்க. கவனக்குறைவு விழுந்தவளுக்கு இல்ல. வெட்டினவ நான். குரல் குடுக்காதவ நான்."

இடுப்பிலிருந்து ஈரச் சாக்கை அவிழ்த்தாள். அப்புறம் பெட்டியை.

---

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றான் ராசகனி ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே. அவன் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. "நாப்பது பேரு வயித்தெரிச்சல். கடையில சாமான் குடுப்பானா இனி? கண்ணும் போச்சு, வேலையும் போச்சு. இதுல லூர்தம்மா வீட்டுக்கு வேற போகணுமாம். அவ தொறப்பத்தைத் தூக்கிட்டு வருவா."

"அவளால எந்திரிக்க முடியாது."

"அப்ப வீசுவா."

காலனி வீட்டு முன்னால் நிறுத்தினான். "நான் வரல. நீயே போ. செவுரைப் பிடிச்சு நேராப் போனா வாசல்."

அவள் சுவரைப் பிடித்து நடந்தாள். வெயில் முகத்தில் அடித்தது, ஆனால் வெளிச்சம் இல்லை. விரலுக்கு நிலைக்கதவு கிடைத்ததும் காலை ஒரு சாண் தூக்கி வைத்தாள். கல்படி. ஓரம் உடைந்திருந்தது பாதத்துக்குத் தெரிந்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "யாரது தட்டாம வாரது? ரெஜினாவா?"

"நான்தான்."

விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. லூர்தம்மாளும் கண்ணாடி மாட்டியிருக்க மாட்டாள். இரண்டு பேரும் ஒருவர் இருக்கும் திசையை ஒருவர் காதால் பார்த்தார்கள்.

"வாரவ போறவ எல்லாம் அந்தப் படியில தட்டிக்கிட்டுத்தான் உள்ள வருவா. நீ இந்த வீட்டுக்கு வந்ததே கெடையாது. பாலு காய்ச்சுக்குக்கூட வரல. அங்க படி இருக்குன்னு ஒனக்கு எவ சொன்னா?"

"நீதான் சொன்ன. ஒன் கார்டு."

"ம்" என்றாள் லூர்தம்மாள். "அப்ப நான் சொல்லிட்டேன். நீதான் சொல்லல."

"அதை ஏன் ஜோடியா மாட்டச் சொன்ன?"

"ஒத்தையா மாட்டினா ஒனக்கும் அங்க வரப்பு இருக்கும். நீயும் விழுந்து தொலைப்ப. எனக்கு நீ விழ வேண்டாம். நான் பாத்ததை நீ பாத்தாப் போதும். அந்த ஜெபசிங் பயகிட்ட நாலு நாள் போன்ல கேட்டுக் கேட்டுத்தான் அனுப்பினேன். ரெண்டு கார்டு வீண்ங்கான் அவன். படிச்சவன் பேச்சு."

சந்தனமாரி படியிலேயே நின்றாள். "லூர்தம்மா."

"என்ன?"

"வெட்டுப் பாரு."

கட்டில் மறுபடியும் கிறீச்சிட்டது. பிறகு அணை உடைந்தது. "ஏழு மாசம்! ரெண்டு வார்த்தைக்கு ஏழு மாசம்! இடுப்பு ஒடிஞ்சது ஒனக்கா எனக்கா, இவ்வளவு தூரம் நடந்து வர இத்தனை நாளு? பத்தொம்பது வருசம் ஒண்ணா உப்புத் தின்னவ, ஒரு சீட்டு எனக்கு விழுந்துட்டுன்னு மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா! பெத்த பிள்ளையே என்னைப் பொய்க்காரின்னு நெனைக்க வச்சிட்டியே, பாவி! என் வீட்டுப் பாலு ஒனக்குக் கசக்குமோ? ஒனக்குன்னு ஒரு டம்ளர் எடுத்து வச்சிருந்தேன், சாயங்காலம் பூனை குடிச்சிச்சு..."

சந்தனமாரி நகரவில்லை.

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. "உள்ள போறியா, திரும்பி வாறியா? வெயில்ல நிக்கேன்!"

அப்போதும் நகரவில்லை.

"என்னத்துக்கு வாசல்லயே நட்டுக்கிட்டு நிக்க?" என்றாள் லூர்தம்மாள் மூச்சு வாங்க. "வாயேன் உள்ள."

"நீ இன்னும் சொல்லலையே."

"என்னத்தச் சொல்ல?"

கேட்டுவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். விசிறி இரண்டு சுற்று சுற்றியது.

"சவத்து மூதி" என்றாள் லூர்தம்மாள். "கேட்டாச்சு."

சந்தனமாரி படியிலிருந்து காலை எடுத்து உள்ளே வைத்தாள்.